தோணிக் குலத்து மாப்பிள்ளை

காலையிலேயே ஓர் ஆற்றுப் பூதத்தைக் கொன்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு, மருதன் சாப்பிட வந்து உட்கார்ந்தார். முகத்தில் நல்ல களைப்பும் நல்ல திருப்தியும் இருந்தன. எதிரே இருந்த மகள் நொச்சி, பூதம் எப்படிச் செத்தது என்று அக்கறையாகக் கேட்டாள். அவளுக்கு அப்பாவிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

"பதினெட்டு விழுந்துச்சும்மா. ஈட்டி நேரா நெஞ்சுல" என்றார் மருதன்.

'நெடுவழி' என்ற அந்த விண்கலத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறை மேசை நாள். அன்று காலை வேலையை நிறுத்திவிட்டு நானூற்றுச் சொச்சம் பேரும் மேசைக்கு ஆறு பேராக உட்கார்ந்து, காகிதமும் பென்சிலும் பகடையுமாக விளையாடுவார்கள். கலம் போய்ச் சேர நூற்று அறுபது ஆண்டுகள் ஆகும். எழுபத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

கலத்தை அனுப்பியவர்கள் நல்லவர்கள். பூமியில் மனிதனை மனிதனிடமிருந்து பிரித்த எதையும் ஏற்றக் கூடாது என்று தீர்மானித்தார்கள். சாதி, மதம், சொந்த ஊர், பெயருக்கு முன்னால் வரும் எழுத்து என்று எதுவும் கலத்தின் நினைவகத்தில் இல்லை. பெயரை வைத்துக்கூட யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதே என்று எல்லோருக்கும் மரம் செடி கொடிகளின் பெயர்களைச் சூட்டினார்கள். கருங்காலி என்று வைத்துக்கொள்ள மட்டும் யாரும் முன்வரவில்லை.

சுமையை எல்லாம் இறக்கி வைத்த பிறகு ஒரு சங்கடம் வந்தது. பேசிக்கொள்ள ஒன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டில் பலர் படுக்கையை விட்டு எழுவதையே நிறுத்திவிட்டார்கள். கலத்தை நடத்தும் அறிவுப்பொறியான நடுவன், பழைய தகவல் கிடங்குகளைத் துழாவி, இருபதாம் நூற்றாண்டில் யாரோ ஒரு நில அளவைக்காரர் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உருவாக்கிய ஒரு விளையாட்டைக் கண்டெடுத்தது. ஆளுக்கொரு பாத்திரம், மேசைக்கு ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போக, அவரவர் பாத்திரம் என்ன செய்யும் என்று ஆட்டக்காரர்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

அந்த அளவைக்காரர் சும்மா ஆள் இல்லை. பேராற்று நாடு என்று ஒரு நாட்டை எழுநூறு பக்கங்களுக்கு எழுதி வைத்திருந்தார். பேராற்றின் பத்தொன்பது கிளைகள், எந்த மாதத்தில் எந்தப் பறவை கத்தும், சந்தையில் எப்படித் திட்டிக்கொள்வார்கள், எந்தக் குலத்தைக் கண்டால் எந்தக் குலம் எவ்வளவு குனிய வேண்டும் என்று ஒன்றையும் விடவில்லை. யார் எந்தக் குலத்தில் பிறக்கிறார்கள் என்பதற்கும் பதினோராம் பக்கத்தில் விதி இருந்தது. பகடையை உருட்ட வேண்டும். ஆறு வரை விழுந்தால் தோணிக் குலம். பதினான்கு வரை நெசவுக் குலம். பதினைந்து முதல் பத்தொன்பது வரை விளக்குக் குலம். இருபது விழுந்தால் அரியணைக் குலம். கலத்தில் குலத்துக்காக உருட்டி யாருக்கும் இருபது விழுந்ததில்லை.

சனங்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், பிழைத்தார்கள். பிறகு அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளில் ஒன்று, "அம்மா குலத்துலயே நானும் இருக்கேனே, புதுசா எதுக்கு உருட்டணும்?" என்று கேட்டது. அவரவர் பாத்திரத்தின் குலமும் குணமும் குறித்து வைக்கும் ஏட்டில் பாதி எழுதும் வேலை மிச்சம். நடுவனும் சரியென்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிகிற காரியமெல்லாம் இப்படி ஒரு சின்னச் சம்மதத்தில்தான் தொடங்குகிறது. தாய்க் குலமா தந்தைக் குலமா என்ற குழப்பம் கொஞ்ச காலம் இருந்தது. பிறகு இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிட்டதால் அந்தக் கேள்வி எழவில்லை.

புத்தகத்தில் விளக்குக் குலத்தார் ஆற்றைப் பார்த்து உட்காருவார்கள். கலத்தில் ஆறு இல்லாததால் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். தண்ணீர்ச் சுத்திகரிப்புப் பிரிவில் இருந்த முப்பது பேரும் தோணிக் குலம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நடுவன் ஒவ்வொருவரின் விருப்பத்தையும் கேட்டுத்தான் வேலை கொடுத்தது. அவர்கள்தான் அதைக் கேட்டார்கள்.

"அப்பா, மூணாந்தளத்துல ஓர் அறை காலியாகுது" என்றாள் நொச்சி. "பத்து நாளுக்குள்ள பதிஞ்சா எனக்கும் வாகைக்கும் கெடைக்கும். விட்டா அடுத்தது ஆறு வருஷம் கழிச்சுத்தான். ரெண்டு வீட்டுக் கைரேகையும் வேணும்."

"வாகையா? தங்கமான பையனாச்சே!" மருதன் மெல்லுவதை நிறுத்தினார். "மரபணுப் பொருத்தம்?"

"தொண்ணூத்தேழு."

"எங்க காலத்துல அறுபதே தாண்டல." தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். "ஆனா தோணிக் குலமாச்சேம்மா. நாம விளக்குக் குலம்."

"அப்பா, அது வெறும் விளையாட்டு!"

"விளையாட்டுதான். நான் என்ன நெஜம்னா சொன்னேன்? எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா நாலு பேர் கேப்பாங்கல்ல? நாளைக்கு உனக்கொரு கொழந்த பொறந்தா அது எந்தப் பக்கம் உக்காரும்? ஊர் வாய மூட ஒலமூடி உண்டா?"

உலையையோ மூடியையோ அந்தக் கலத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பழமொழி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. நொச்சிக்கு அழுகை வந்தது. அப்பா நல்லவர் என்பதுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அன்று பிற்பகல் சுத்திகரிப்புப் பிரிவுக்குப் போனாள். வாகை முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் சிவந்தது.

"எனக்கு இந்த ஏடே வேணாம் நொச்சி. கிழிச்சு எறிஞ்சுட்டு வர்றேன்" என்றான். அவள் அவனை அதற்கு முன் அவ்வளவு நேசித்ததில்லை.

அவன் அம்மா புன்னை அதே பிரிவில் முப்பது ஆண்டாக வேலை பார்ப்பவள். அவள் சிரித்தாள். "எழுபத்தோரு வருஷமா இதே தண்ணியத்தான் வடிச்சு வடிச்சுக் குடிக்கிறோம் கண்ணு. உங்கப்பா நேத்துக் குடிச்சது இன்னிக்கு எனக்கு. நான் குடிச்சது நாளைக்கு அவருக்கு. இதுல குலம் எங்கேருந்து வந்துச்சு? எல்லாரும் மனுஷங்கதான?" ஈரக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, நொச்சி நீட்டிய பதிவுப் பலகையில் உடனே கைரேகை வைத்தாள்.

எட்டு நாள் ஓடின. மருதன் அசையவில்லை. ஒன்பதாம் நாள், நொச்சி நடுவனிடம் தன் தாத்தாவின் முதல் ஏட்டைக் கேட்டாள்.

"உங்கள் தாத்தா முதலில் உருட்டியது நான்கு" என்றது நடுவன். "தோணிக் குலம். பிறகு, பகடை மேசை விளிம்பில் பட்டது, அது செல்லாது என்று முறையிட்டார். ஏற்றுக்கொண்டேன். மறுபடி உருட்டியதில் பதினாறு விழுந்தது."

"நெஜமாவே விளிம்புல பட்டுச்சா?"

"படவில்லை. அவர் முகம் வாடியிருந்தது."

நொச்சி ஏட்டின் நகலை எடுத்துக்கொண்டு ஓடினாள். மருதன் அதை இரண்டு முறை படித்தார். உதடு துடித்தது. அப்பா உடைந்து போய்விட்டார் என்று அவள் பயந்துவிட்டாள். அவர் நிமிர்ந்தபோது கண்ணில் நீர் நின்றது.

"பாத்தியா! நாலு விழுந்தும் மனுஷன் அசரல. போராடி வாங்கியிருக்கார். அதான் ரத்தம்ங்கிறது!"

நொச்சியும் இப்படிப்பட்ட அப்பாவுக்கு மகள்தானே. "அப்ப வாகையும் உருட்டட்டும். ஒவ்வொருத்தரும் அவங்களுக்காக ஒரு தடவ உருட்டலாம். பதினோராம் பக்கத்த யாரும் ரத்து பண்ணலையே?" என்றாள்.

வாழ்நாளெல்லாம் மேசையில் விதி பேசியவர் மருதன். விதி கேட்டால் மறுக்க முடியாது. "சரி, நாளைக்கு மேசை நாள். எல்லார் முன்னாடியும் உருட்டட்டும். பதினஞ்சோ அதுக்கு மேலயோ விழுந்தா அந்த நிமிஷமே கைரேகை வெக்கிறேன். விழலைன்னா நீ இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

நூற்றுக்கு முப்பதுதான் வாய்ப்பு. அவள் சம்மதித்தாள். வேறு வழியும் இல்லை, நாளும் இல்லை.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் ஒரு மேசையை மட்டும் நடுவில் விட்டு, மற்றவற்றை ஒதுக்கிவிட்டு வட்டமாக நின்றார்கள். புன்னை பின்வரிசையில், சுவரோரமாக, வேலை உடுப்போடு நின்றாள். வாகை பகடையைக் கையில் எடுத்தான். நொச்சி அவன் தோளைத் தொட்டாள். பகடை மேசையில் துள்ளி, விளிம்பு வரை ஓடி, திரும்பி வந்து நின்றது.

இருபது.

மருதன்தான் முதலில் குனிந்தார். அரியணைக் குலத்தின் முன் விளக்குக் குலம் இடுப்பு வரை குனிய வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அவரைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு புன்னைக்கு ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பிள்ளை எந்தக் குலமோ பெற்றவளும் அதேதானே! புன்னை தயங்கினாள், உட்கார்ந்தாள், சாய்ந்தாள்.

மருதனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. விளக்குக் குலம் கிடைத்தாலே போதும் என்று நின்றவருக்கு அரியணைக் குலமே சம்பந்தமாக வருகிறது. "சம்பந்தி அம்மா, பலகையக் கொண்டாங்க, ரேகை வெச்சுடறேன்" என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டே வந்தார்.

புன்னை ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். வெளியே அவள் எப்போதும் பார்க்கிற அதே இருட்டுத்தான்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "நான் அவசரப்பட்டு வெச்சுட்டேன். அந்த ரேகையத் திரும்ப எடுத்துக்க முடியுமான்னு நடுவனக் கேக்கணும்."

"என்னம்மா சொல்றீங்க?"

"தப்பா நெனச்சுக்காதீங்க. நொச்சி தங்கமான பொண்ணு. எனக்கு இதுலல்லாம் நம்பிக்கையும் கிடையாது. ஆனா நாலு பேர் கேப்பாங்கல்ல?"

"அம்மா, இது வெறும் விளையாட்டும்மா!" என்றார் மருதன். அந்தச் சொல்லை அவர் மனதார நம்பிச் சொன்னது வாழ்க்கையிலேயே அன்றுதான்.

நொச்சி வாகையைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது கிழித்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் ஏட்டை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். காகிதம் கசங்கிவிடாதபடி, இரண்டு விரலால்.

"அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு நொச்சி" என்றான் மெதுவாக. உடனே அவன் முகம் தெளிந்தது. "ஏன், நீயும் உருட்டேன்! உனக்கும் ஒரு தடவ உண்டுல்ல? இருபது விழுந்துச்சுன்னா பிரச்சினையே இல்லையே. உருட்டு, விழும்."

பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அது இன்னும் அவன் கைச் சூட்டோடு இருந்தது. நானூறு பேரும் அவளைப் பார்த்தார்கள். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். அறையைப் பதிய அன்று மாலை வரைதான் நேரம். உருட்டிவிடலாம் என்று ஒரு கணம் அவளுக்கும் ஆசை வந்தது. அந்த ஆசை வந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"விழலைன்னா பரவால்ல வாகை" என்றாள். "விழுந்துட்டா நான் என்ன ஆவேன்?"

பகடையை உருட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டுக் கூடத்தை விட்டு வெளியே போனாள். மூன்றாம் தளத்து அறை அன்று மாலை நெசவுக் குலத்து இணை ஒன்றுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் நடுவன், வழக்கம்போல், பூமிக்கு ஆண்டறிக்கை அனுப்பியது. 'பிறப்பால் வரும் பேதம் கலத்தில் உண்டா?' என்ற கட்டத்தில் எழுபத்தோராவது முறையாக 'இல்லை' என்று நிரப்பியது. பொய் சொல்ல அதற்குத் தெரியாது. அந்தச் சொற்களுக்கு அதன் நினைவகத்தில் இருந்த பொருள்படி கலத்தில் அப்படி எதுவும் இல்லைதான். பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் மட்டும் இந்த ஆண்டு புதிதாக ஒரு வரி சேர்த்தது: 'பயணிகள் மிகுந்த ஈடுபாட்டுடன் விளையாடுகிறார்கள்.'