முன்வரிசை நாற்காலி

சிங்கப்பூர் சைனாடவுன் மாரியம்மன் சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். இதில் ஒரு சொல்கூடக் கலப்படமில்லை.

மருதப்பன் தேக்கா சந்தையிலிருந்து பேருந்தில் வந்து புக்கிட் மேராவில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எண்பதை நெருங்கும் வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. "தேக்காவுக்குத் தனியா போகக் கூடாதுப்பா" என்று மகள் வசந்தகுமாரி அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். சாங்கி விமான நிலையத்தில் ஊரார் பெட்டிகளை உலகம் முழுக்க ஏற்றி அனுப்பியே ஓய்வு பெற்ற மனிதருக்கு, இப்போது வெற்றிலை வாங்கப் போவதே வெளிநாட்டுப் பயணம். அதையும் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில், கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். சீனர்களின் ஏழாம் மாதம். செத்தவர்கள் ஊருக்குள் வந்துபோகும் மாதம். அவர்களுக்காக மேடை கட்டிப் பாடுவார்கள். கெத்தாய் என்று பெயர். முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். உயிரோடிருப்பவன் அதில் உட்காரக் கூடாது.

காலங்காலமாக அங்கே குடியிருக்கும் மருதப்பனுக்கு இது தெரியும். முட்டிக்குத் தெரியாது. பின்வரிசைகள் நிரம்பியிருந்தன. முட்டி மடங்கிய இடத்தில் ஒரு சிவப்பு நாற்காலி இருந்தது. உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் பேச்சு அடங்கியது.

மேடையில் பளபளச் சட்டைக்காரி பாடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மங்கியது. ஊதுபத்திப் புகை மெல்ல நகர்ந்து, பக்கத்து நாற்காலிக்கு வந்ததும் ஒதுங்கி, எதையோ சுற்றிக்கொண்டு போயிற்று.

பெட்ரோல் வாடை.

பக்கத்து நாற்காலி முனகியது.

"என்ன மருது, கிளம்பலாமா லா?"

திரும்பாமலே தெரிந்தது. செலஸ்டின். சாங்கியில் கூட வேலை பார்த்தவன். ஈஸ்டருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவன். சவப்பெட்டியருகே நின்று மருதப்பனே முகம் பார்த்தார். வருடா வருடம் லீவு போட்டு, மோட்டார் சைக்கிளில் தாய்லாந்துவரை போய்வந்தவன் அவன். "பின்சீட் காலியா இருக்குடா" என்பான். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, மழைக்காலம் என்று ஏதாவது இருக்கும். மருதப்பன் "அடுத்த வருஷம்" என்பார். திரும்பி வந்தவன் சாப்பாட்டு நேரத்தில் யானை துரத்திய கதை சொல்வான். மருதப்பன் தயிர்ச்சோற்றை மென்றபடி கேட்பார். வயிறு எரியும்.

"வண்டி?" என்றார்.

"பின்னாடிதான் நிக்குது. சீட்டும் இன்னும் காலிதான்."

வேறு யாராயிருந்தாலும் அலறியிருப்பார்கள். போனால் திரும்ப முடியாது என்று மருதப்பனுக்குத் தெரிந்தது. அது பெரிதாகப் படவில்லை.

"வர்றேன்டா."

கைத்தடியை ஊன்றி உந்தினார்.

எழ முடியவில்லை.

இன்னொரு முறை உந்தினார். முட்டி கடக்கென்றது. இடுப்பு நாற்காலியை விட்டு அரை விரல்கூட நகரவில்லை.

"ஒரு நிமிஷம் இருடா."

"எப்பவும் உனக்கு ஒரு நிமிஷம்தான்." ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோன்ற விரல்கள் அவர் முழங்கையைப் பற்றின. "அட, என்னா கனம். பெட்டியா இருந்தா தூக்கிப் போட்டிருப்பேன்."

"பேசாம இழுடா. நல்லா இழு."

பேயும் இழுத்தது. மனிதரும் உந்தினார். முட்டி மட்டும் சம்மதிக்கவில்லை.

விரல்கள் விட்டன.

"சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்." காதோரம் மூச்சில்லாத குரல். கூடாரத்துக்குப் பின்னால் எஞ்சின் உறுமி, சாலையில் தேய்ந்து மறைந்தது.

பின்வரிசைக்காரர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். உயிர் தப்பிய மனிதர், தப்ப வைத்த முட்டிகளைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை, பத்தாம் மாடியில், அவர் வாசலில் எஞ்சின் ஆயில் கறுப்பாகச் சொட்டியிருந்தது. வசந்தகுமாரி துடைத்தாள். அடுத்த நாளும் இருந்தது. "யாருப்பா பைக்கை லிஃப்டுல ஏத்திக்கிட்டு வர்றது?" என்றாள். துடைக்கத் துடைக்க இன்றும் சொட்டுகிறது. மருதப்பன் அதற்கு எதிரே நாற்காலி போட்டு, தினமும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பழகுகிறார். முட்டிக்கு நல்லதென்று மகளுக்குச் சந்தோஷம்.

செலஸ்டினுக்குக் கடைசிவரை மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. வருடா வருடம் அந்த லீவு முழுக்க, ஜோகூரில் அக்கா வீட்டில் படுத்துக் கிடந்துதான் யானைக் கதை கட்டினான்.