இரண்டு மணிக்கு இரங்கல்

"லொரெட்டா... நீ உயிரோடதானே இருக்கே?"

ஃபோனில் பத்திரிகை ஆசிரியர் மார்வினின் குரல்.

"மத்தியானச் சாப்பாடே முடிஞ்சுது. ஏன்?"

"செனட்டர் ஹோலன்பெக் ஆபீஸ்லேர்ந்து இரங்கல் அறிக்கை வந்திருக்கு. 'மூத்த நிருபர் லொரெட்டா குஜாவாவின் திடீர் மறைவு'ன்னு! ரெண்டு மணிக்கு முன்னால வெளியிடக் கூடாதாம்!"

லொரெட்டா கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்று ஐம்பது!

ஸ்பிரிங்ஃபீல்ட் சட்டசபைக் கட்டடத்தின் நிருபர்கள் அறையில் அவள் மட்டும்தான். மற்றவர்கள் கவர்னர் பேட்டிக்குப் போயிருந்தார்கள். பாலம் காண்டிராக்டில் செனட்டர் வாங்கிய லஞ்சம் நாளைய பேப்பரில் வரப்போகிறது. எழுதியவள் இவள்!

"மார்வின், லைனை கட் பண்ணாதே. இன்னொரு ஃபோன்ல போலீஸைக் கூப்பிடு!"

கதவு திறந்தது.

செனட்டரின் மெய்க்காவலன் ஸ்ட்ரவுட்! கையில் சைலன்சர் பொருத்திய துப்பாக்கி. வாசல் காவலர்கள் இவனைச் சோதிப்பதே இல்லை, பாவிகள்!

"பாலம் விஷயத்தை உங்ககிட்ட யாரு சொன்னா, மேடம்? பேரைச் சொன்னா பொழைச்சீங்க."

"இருபத்தேழு வருஷத்துல யார் பேரையும் சொன்னதில்லே, தம்பி. உனக்காக விரதத்தை முறிக்கணுமா?"

டப்!

இடது தோள் பிய்ந்தது. கீபோர்டெல்லாம் ரத்தம்!

வலியில் உயிர் போயிற்று. சொல்லித் தொலைத்தால்தான் என்ன? ஒரே ஒரு பெயர்! ஆனால் சொல்லிவிட்டால் நாளை முதல் இந்தக் கட்டடத்தில் ஒரு ஈ காக்கைகூட அவளிடம் வாய் திறக்காது.

"கடைசித் தடவை கேக்கறேன்!"

"கிட்ட வா... காதுல சொல்றேன்..."

குனிந்தான், மடையன்!

மேஜை மேலிருந்த கொதிக்கும் காபி ஜாடி அவன் முகத்தில் வெடித்தது. அலறினான்... கண்ட பக்கமெல்லாம் சுட்டான்... அவன் மணிக்கட்டை இழுப்பறைக்குள் திணித்து, இடுப்பால் ஓங்கிச் சாத்தினாள் லொரெட்டா. எலும்பு நொறுங்கியது. துப்பாக்கி விழுந்தது. எடுத்தாள். அவன் முழங்காலில் ஒன்று வைத்தாள்!

அப்போதுதான் போலீஸ் வந்தது.

காயத்துக்குக் கட்டுப் போடும்போது இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"சாகறதுக்கு முன்னாடியே இரங்கல் அனுப்பின முட்டாள் யாரு, மேடம்?"

வாசல் கூட்டத்தில் வெளிறிப்போய் நின்றிருந்தான் ட்வைட். செனட்டரின் பத்திரிகைச் செயலாளர். 'ரெண்டு மணிக்கு அனுப்பற மாதிரி எழுது' என்று செனட்டர் சொன்னதுமே விஷயம் புரிந்தவன். அவர் பக்கத்திலேயே நின்றதால் ஃபோன் செய்ய முடியாமல், அறிக்கையை வேண்டுமென்றே முந்தி அனுப்பியவன். பாலம் விஷயத்தைச் சொன்னவனும் அவனே!

லொரெட்டா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரா இருந்தா என்ன, சார்? இருபத்தேழு வருஷத்துல அந்த ஆபீஸ்லேர்ந்து வந்த உருப்படியான அறிக்கை இது ஒண்ணுதான்!"