எடுத்துக் கொடுக்கும் குரல்

குரல் இடப்பக்கத்திலிருந்து வந்தது.

மேடையில் வசனம் மறந்து அவள் திணறிய அந்த நொடியில், "உங்களுக்காகத்தான் கதவைத் திறந்து வெச்சிருக்கேன்" என்று கருப்புத் திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பு எழ, பழக்கதோஷத்தில் அவள் வாய் அதை அப்படியே சொல்லிவிட்டது. வசனம் சரிதான். ஆனால் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கிற அக்கா எப்போதும் வலப்பக்கத்தில்தான் உட்காருவாள். இடப்பக்கத் திரை சுவரை ஒட்டித் தொங்குகிறது. அங்கே ஒரு ஸ்டூல் போடக்கூட இடம் கிடையாது. கொசு கடித்திருக்கும், நகர்ந்து நின்றிருப்பாள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

பழைய கிடங்கு அது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சூடேறிய விளக்குகளில் தூசி கருகும் வாடையும், நனைந்த செருப்புகளின் வாடையும், புதிதாகச் சாயம் ஏற்றிய திரைத்துணியின் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் இறங்கின. நாடகத்தில் அவள் ஒருத்திதான், வராத விருந்தாளிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் பெண்ணாக. 'புரியக் கூடாது, உறைக்கணும்' என்பது தாடியின் கொள்கை. டைரக்டருக்கு நாடகக் குழு வைத்த பெயர் அது. காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து அவளுக்கு வசனம் மனதில் நிற்பதில்லை. அக்கா இருக்கும் தைரியத்தில்தான் மேடை ஏறினாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகளும் முன்வரிசையில், தரைக்கு எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வரியும் இடப்பக்கமிருந்தே வந்தது. அதற்கடுத்ததும். காது வாங்கியது, வாய் கொடுத்தது, நடுவில் மூளைக்கு வேலையே இல்லை.

"சுவருக்குள்ள எவ்வளவு நாள்தான் பசியோட நிக்கிறது?"

சொன்ன பிறகுதான் உறைத்தது. இது நாடகத்திலேயே இல்லாத வசனம். கூட்டத்தில் யாரோ ரசித்து 'ம்' கொட்டினார்; நவீன நாடகத்துக்கு வருகிறவர்களை அவ்வளவு சுலபமாகச் சந்தேகப்பட வைக்க முடியாது. அக்கா கிசுகிசுத்தால் மூச்சு இரைக்கும். இந்தக் குரலில் மூச்சே இல்லை.

ஓரக்கண்ணால் வலப்பக்கம் பார்த்தாள். ஸ்டூல் காலி.

நிறுத்திவிட வேண்டும். சொந்தமாக ஏதாவது பேச வேண்டும். தேடினாள். ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. உள்ளே அந்தக் குரல் மட்டும்தான் இருந்தது.

"பட்டுக்குட்டி, எழுந்து வா. திரைக்குப் பின்னால பெரியம்மா இருக்காங்க, போ."

மகளை வீட்டில் கூப்பிடும் பெயர்.

சொல்லாதே.

சொல்லிவிட்டாள்.

மகளுக்கு முகமெல்லாம் பல். நாற்காலியிலிருந்து குதித்து, மேடையேறி, அவளைக் கடந்து ஓடினாள். அவள் கை நீட்டினாள். கவுன் நுனி விரலில் பட்டு நழுவியது. இடப்பக்கத் திரை ஒருமுறை உப்பி, அடங்கியது.

அதே நேரம் கிடங்கின் முன்கதவு திறந்தது. தொப்பலாக நனைந்த அக்கா, குனிந்தபடியே மேடை ஓரத்துக்கு ஓடி வந்தாள்.

"வெளியே போன நேரத்துல பின்கதவு பூட்டிக்கிச்சுடி," என்றாள் மூச்சிரைக்க. "ஆரம்பிச்சதுலேர்ந்து தட்டுறேன், மழையில ஒருத்தருக்கும் கேக்கல, கடைசியில சுத்திக்கிட்டு வந்தேன். வசனத்துக்கு என்னடி பண்ணின?"

அவள் ஓடிப்போய் இடப்பக்கத் திரையைப் பிடித்து இழுத்தாள். கொக்கிகள் தெறித்தன. துணி முழுக்கக் கீழே சரிந்தது.

சுவர். வெறும் சுவர். ஒரு விரிசல்கூட இல்லை.

அவள் இரண்டு கையாலும் சுவரை அறைந்தாள், பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பின்னாலிருந்து தாடி "பிரமாதம்" என்றார்.

"குழந்தை எங்கடி?" என்றாள் அக்கா, மேடைமேல் கால் வைத்தபடி.

சுவருக்குள்ளிருந்து கிசுகிசுப்பு வந்தது. மூச்சில்லாமல். மகளின் குரலில்.

"அம்மா, இனிமே நான் எடுத்துத் தர்றேன். சொல்லு. 'அக்கா, நீயும் வா.'"

அவள் இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைகளுக்கு அடியில் உதடுகள் அசையத் தொடங்கின.