மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா

இப்போதெல்லாம் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியவில்லை. காதுகுத்து என்றாலும் குழாய் ஸ்பீக்கர், கருமாதி என்றாலும் குழாய் ஸ்பீக்கர். லாரிக்காரன் ஆளில்லாத ரோட்டிலும் ஹாரனை அலறவிட்டுத்தான் போகிறான். இத்தனை கத்தியும் ஒருத்தன் சொல்வது இன்னொருத்தன் காதில் ஏறுகிறதா? இல்லை.

1982 ஜூலை. செவ்வாய்க்கிழமை காலை ஏழே கால். தொப்பூர் கணவாயில் லாரி அடித்து ஸ்தனிஸ்லாஸ் செத்துக் கிடந்தான். எங்கள் ஊர்க்காரன். ஜல்லி மிஷினில் ஆறு வருஷமாகக் கல் கொட்டியவன். வேலைக்கு நடந்து போகிற வழி அது.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிணம் ஆஸ்பத்திரியிலிருந்து கோயிலுக்கு வந்தது. கோயிலில் மணியடிப்பதும் பக்கத்துக் கல்லறையில் குழி வெட்டுவதும் நான்தான். கடப்பாரையோடு போய் நின்றேன்.

"மதிலுக்கு வெளிய வெட்டுங்க, சவுரியப்பா," என்றார் உபதேசியார் கஸ்பார். "அவனாப் போய் வுழுந்திருக்கறான். தற்கொலைக்கு மந்திரிச்ச மண்ணுல எடமில்லை."

செத்தவன் பெஞ்சாதி இன்னாசியம்மாள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. நாலு மணிக்கு அடக்கம்.

அடுத்தவன் சொல்லி எதையும் நம்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது. பிணத்தோடு வந்திருந்த ஏட்டு மாரப்பனிடம் போனேன்.

"யாருங்க பார்த்தது?"

"டிரைவரு. வளைவுலேருந்தே ஹாரன் அடிச்சிருக்கான். ஆடு மேய்ச்ச செல்லியும் அதையேதான் சொல்றா. ஆடெல்லாம் தெறிச்சு ஓடிருச்சாம்."

"இவன்?"

"ஓரத்துல ஜல்லிக் குவியல். அதைச் சுத்திக்கிட்டு ரோட்டுல ஏறுனான். திரும்பியே பார்க்கலை. தோள்கூட அசையலையாம்."

"கையில என்ன இருந்துச்சு?"

"தூக்குப்போசி. மத்தியானச் சோறு."

சாகப் போகிறவன் மத்தியானத்துக்கு எதற்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறான்? இன்னாசியம்மாளிடம் போய்க் குந்தினேன்.

"ஏம்மா, சண்டையா?"

"ஆறு மாசமா எங்கிட்ட வாயே தொறக்கறதில்லைங்க. எது கேட்டாலும் தலையாட்டுவாரு, இல்லாட்டி எந்திரிச்சுப் போயிருவாரு. எங்கூட இருக்கப் புடிக்காமத்தான் போயிட்டாருங்க."

"சாமிகூடவும் பேச்சில்லையே," என்றார் கஸ்பார். "பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்கே வரலை. மே மாசம் ரெண்டு ஞாயிறு, பூசை முடிஞ்சப்புறம் வந்து நின்னான். எல்லார் முன்னாலயும் ஏசினேன். அதோட நின்னுட்டான்."

மணி இரண்டு. பங்குச்சாமியார் வந்தார்.

"சாமி," என்றேன், "சாகணும்னே போறவனா இருந்தாலும் முதுகுக்குப் பின்னால ஹாரன் கத்துனா ஒடம்பு தூக்கிப் போடும். மனசு சொன்னாத் தோளு கேக்காதுங்க. அசையலைன்னா, காதுல வுழலை."

கஸ்பார் சிரித்தார். "செவிடனா? மே மாசம் வரைக்கும் மொத மணிக்கே வூட்டைவிட்டு எறங்குவான். நீங்கதானே மணியடிச்சீங்க?"

என்னையும் இடித்தது அதுதான். மணிக்கூண்டில் ஏறினேன். காலிப் புறாக்கூடுகள், காய்ந்து வெளுத்த எச்சம். மே மாசத் திருவிழாவுக்குக் கட்டி, இன்னும் அவிழ்க்காத நாலு குழாய் ஸ்பீக்கர். ஏரிக்கு அந்தப்புறம் ஸ்தனிஸ்லாஸின் தனி வூடு தெரிந்தது.

மூன்று மணிக்கு இறங்கி வந்தேன்.

"அவன் மணியைக் கேட்டு வரலைங்க சாமி. மணியடிச்சாக் கூண்டுப் புறா மொத்தமும் பறக்கும். அதைப் பார்த்து வந்தான். தினம் வாசல்ல நின்னு அண்ணாந்து பார்ப்பான். செபம் பண்றான்னு நெனச்சேன்."

"பெரிய வெள்ளிக்கிழமை?" என்றார் சாமியார்.

"அன்னைக்கு ஏதுங்க மணி? மரக்கட்டையத்தானே தட்டறோம். கட்டைச் சத்தத்துக்குப் புறா எழும்பலை. மே மாசம் ஸ்பீக்கர் கட்டுனோம், புறா ஊரைவிட்டே போச்சு. அப்புறம் அவனுக்கு மணி ஏது? குத்துமதிப்பா வந்து நின்னான், ஏச்சு வாங்குனான்."

கஸ்பார் தரையைப் பார்த்தார்.

"காது கேக்காததை எதுக்கு ஒளிச்சான்?" என்றார் சாமியார்.

"கல்லுக்கு வெடி வெச்சா விசில் ஊதுவாங்க. அது கேக்காதவனை வேலைக்கு வெச்சுக்குவாங்களா? வாயத் தொறந்தா அடுத்தவங்க பதில் சொல்வாங்க, குட்டு வெளிப்பட்டிரும். அதான் பேசலை. ஆறு வருஷமா அந்த ஜல்லி மிஷின் சத்தம்தான் காதைத் தின்னு அவனைக் கொன்னுச்சு. லாரி முடிச்சு வெச்சுது. நடுவுல நாமளும் ஒரு கை போட்டிருக்கறோம்."

இன்னாசியம்மாள் எழுந்து வந்தாள்.

"அப்ப... எம்மேல கோவமில்லைங்களா?"

"இல்லைம்மா. நீ பேசுனது அவனுக்குக் கேக்கலை."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுகிறவளைப் பார்த்தபடியே சாமியார் சொன்னார்: "உள்ள வெட்டுங்க."

நாலு மணிக்கு என்றது ஐந்தரை ஆனது. மண் தள்ளி முடித்ததும் சாமியார் என் பக்கத்தில் வந்தார்.

"ஸ்பீக்கரை எறக்கிருவோம். மிஷின்காரர்கிட்டயும் பேசறேன். புறா திரும்பி வரும் பாருங்க."

அவருக்குப் பின்னால் கஸ்பார் மைக்கைப் பிடித்து, செத்தவனுக்காக ஊருக்கே கேட்கும்படி செபம் வாசித்துக்கொண்டிருந்தார். நாலு குழாயும் அலறின.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மணிக்கூண்டை அண்ணாந்து பார்க்கவில்லை.