ஒரு மூச்சின் நகல்

நேற்று மாலைவரை தூங்குகிறவரின் மார்பைப் போல நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்த ஒலி, இன்று ஓடி வந்து நின்றதைப் போல இரைத்தது. நூரைன் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு ஒலிகளை உருவாக்கும் சின்தசைசர் இயந்திரத்தைக் குனிந்து பார்த்தாள். எந்தக் குமிழும் நகர்ந்திருக்கவில்லை. வேகத்துக்கான குமிழ், தோழி சுருதி அடையாளத்துக்கு ஒட்டியிருந்த சிவப்பு டேப்புக்கு நேராகத்தான் நின்றது. ஆனாலும் இரைத்தது.

வேங்கிக்காலில் மாடியறை ஒன்றைத் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்து ஒலிக்கூடம் ஆக்கியிருந்தார்கள். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு. சன்னலைப் பலகை வைத்து அடைத்தாகிவிட்டது. பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்து குவியும் பேருந்துகளின் ஹாரன், வழி கேட்கிறவர்களின் கூச்சல், கரும்புச்சாறு மெஷினின் மணி, எதுவும் அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வராது. ஒலிப்பதிவுக்காக ஏசியையும் நிறுத்தியிருந்ததால், சூடேறிய ஒயரின் வாசனையும் வியர்வை ஊறிய பஞ்சின் வாசனையும் கலந்து அறைக்குள் கனத்துக் கிடந்தன.

மேசையின் இடப்பக்கம் நூரைனின் லேப்டாப். அதற்குள் எத்தனையோ சாஃப்ட்வேர் சின்தசைசர்கள். உலகத்தில் எந்த வாத்தியத்தையும் அதில் வரவழைப்பாள். வலப்பக்கம் சுருதியின் பழைய இயந்திரம். குமிழ்கள், ஒயர்கள், சின்னத் திரை ஒன்று.

இயக்குநர் செழியனின் பேய்த் தொடருக்கு ஒரே ஒரு ஒலிதான் முக்கியமாகத் தேவைப்பட்டது. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிற ஒலி. நூரைன் சாப்பாடு மறந்து செய்து காட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, ஹோட்டல் டீயைச் சொல்வதுபோல "நல்லா இருக்குங்க" என்றார் அவர். சுருதி செய்த அந்த மூச்சொலியைப் போட்டதும் சட்டென்று முதுகுப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "இது உயிரோட இருக்குங்க" என்றார்.

எப்படிச் செய்தாய் என்று நூரைன் கேட்டபோது சுருதி சிரித்தாள். "சும்மா திருகிட்டே இருந்தேன்டி. எங்கயோ வந்து மாட்டிச்சு."

அந்த ‘சும்மா’ மீன் முள்ளைப் போல நூரைனின் தொண்டையில் நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

போன் அடித்தது. சுருதிதான். கோயில் விசேஷத்துக்காக வந்தவாசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தாள்.

"நூரு, ஆறு மணிக்குத்தானே செழியன் சார் லைன்ல வர்றாரு? மலைக்கோயில் படி ஏறிட்டிருக்கேன்டி. மூச்சு வாங்குது. மேல போனா டவர் ஜாஸ்தி இருக்கும்."

போனில் அவள் மூச்சை இழுத்தாள். கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனும் இழுத்தது. அவள் விட்டாள். அதுவும் விட்டது. துளிகூட முன்பின் இல்லை.

நூரைனின் கையில் மயிர் சிலிர்த்தது. உடனே இயந்திரத்தை அணைத்திருக்கலாம். ஆனால் விரல் தானாக ஃபில்டர் குமிழின் மேல் போய் உட்கார்ந்தது. ஒலியின் கூர்மையையெல்லாம் வடிகட்டி, போர்வை போர்த்தியதுபோல மழுக்குகிற குமிழ் அது. கொஞ்சமாக இடப்பக்கம் திருப்பினாள்.

"கேக்குதா..." சுருதியின் குரல் மங்கியது. "தொண்டை ஒரு மாதிரி... அடைக்குதுடி..."

வலப்பக்கம் திருப்பினாள்.

"ஹாங், சரியாப் போச்சு. தூசி போல."

சுருதி போனை வைத்த பிறகும் நூரைன் அந்தக் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. டவர் கோளாறுதான் என்று சொல்லிக்கொண்டாள். பாதி மலையில் வேறு எப்படி இருக்கும்?

ஆறு மணிக்கு மூவரும் ஒரே அழைப்பில் சேர்ந்தார்கள். செழியன் நேராக விஷயத்துக்கு வந்தார். "சுருதி, அந்த சவுண்டத்தான் தொடர் முழுக்கக் கொண்டுபோகப் போறோம். எப்படி மாத்தி மாத்திக் குடுப்பீங்கன்னு சொல்லுங்க."

சுருதி உற்சாகமாக ஆரம்பித்தாள். அவள் பேசப் பேச, நூரைனின் விரல் குமிழைத் திருகியது. முதலில் கொஞ்சம். பிறகு பாதி. சுருதியின் வார்த்தைகள் முனை மழுங்கின. இருமினாள். ஏதோ சொல்ல முயன்றாள். கடைசியில் காற்று மட்டும் வந்தது.

"உடம்பு சரியில்லையா? சரி, நீங்க ரெஸ்ட் எடுங்க. நூரைன், நீங்க சொல்லுங்களேன்."

நூரைன் சொன்னாள். பிரமாதமாகச் சொன்னாள். இத்தனை நாள் கேட்க ஆளில்லாமல் மனசுக்குள் வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். அழைப்பு முடியும்போது செழியன், "அப்போ நீங்களே பொறுப்பெடுத்துக்குங்க" என்றார்.

குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினாள். கன்னம் சுட்டது. சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. இந்த ஒலி இனி தன்னிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒயரைச் சொருகி ஒரே ஒரு மூச்சை, ஓர் இழுப்பும் ஒரு விடுப்பும், லேப்டாப்பில் பதிந்துகொண்டாள். பிறகு இயந்திரத்தின் நினைவில் அது இருந்த இடத்தில் வேறொரு ஒலியைப் போட்டு ‘சேவ்’ பொத்தானை அழுத்தினாள். பழையது அழிந்துவிடும், சம்மதமா என்று சின்னத் திரை கேட்டது.

சத்தம்தானே. ஆளா?

மறுபடி அழுத்தினாள்.

அறை நிசப்தமானது. அவள் காதுக்குள் ரத்தம் ஓடுகிற ஓசை கேட்டது. அதன் மேல் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. திரையில் சுருதியின் அம்மா ஜ்வாலாமாலினி.

"அம்மாடி நூரைன்! இவ மூச்சே விடமாட்டேங்கறாம்மா! உன்கிட்ட பேசிட்டு இறங்கி வந்தா, அப்படியே உக்காந்துட்டா. இவங்கப்பா காரெடுக்கப் போயிருக்காரு. எதுனா மாத்திரை சாப்பிட்டாளா? சொல்லும்மா!"

படம் ஆடி நின்றது. கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்திருந்தாள் சுருதி. வாய் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. கண்கள் மட்டும் அகல விழித்திருந்தன.

நூரைன் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இயந்திரத்தின் மேல் பாய்ந்தாள். குமிழ்களைத் திருகினாள். வேகம், சிவப்பு டேப்புக்கு நேராக. மற்றதெல்லாம்? மற்றது எங்கே இருந்தது? ஒன்றைத் திருப்பினாள். சுருதியின் தொண்டையிலிருந்து விசில் கிளம்பியது. இன்னொன்று. ஒரு கிழவரின் கரகரப்பு. அம்மா அலறினாள். இன்னொன்று. சுருதியின் உதடுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. நின்றன.

அந்த ஒலியை அவளால் செய்ய முடியாது. என்றைக்குமே முடிந்ததில்லை.

உதடுகள் நீலம் பாரித்தன.

லேப்டாப்.

பதிந்து வைத்த மூச்சு. ஒன்றுதான். திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் போட்டாள். ஓடவிட்டாள். ஸ்பீக்கரில் இழுத்தது. விட்டது.

திரையில் சுருதியின் மார்பு ஏறியது. இறங்கியது.

"வந்துச்சு! வந்துச்சு!" ஜ்வாலாமாலினி அழுதுகொண்டே சிரித்தாள். சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். யாரோ விசிறினார்கள். நூரைன் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் கேட்டது. மூச்சின் வாலும் தலையும் ஒட்டுகிற இடத்தில் ஒரு சின்ன ‘டிக்’. அவசரத்தில் வெட்டியதால் சரியாகச் சேரவில்லை. இழுப்பு, விடுப்பு, டிக். இழுப்பு, விடுப்பு, டிக்.

ஒவ்வொரு டிக்குக்கும் சுருதியின் தலை லேசாக வெட்டி இழுத்தது. ஒரே பக்கம். ஒரே அளவு. காற்றில் பறந்த முடிக்கற்றை கன்னத்தில் ஒட்டியது. அவள் கை அதை ஒதுக்க எழுந்தது. டிக். கை மடியில் கிடந்தது. மறுபடி எழுந்தது. டிக். மடியில்.

"நல்லா மூச்சு விடுறா, பாரும்மா" என்று ஜ்வாலாமாலினி போனை மகளின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "உன்னைத்தான் பாக்கறா."

சுருதி பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டு, கன்னத்தில் பாதி தூரம் இறங்கியது.

டிக்.

மீண்டும் கண்ணோரத்தில் திரண்டது.