ஒரிந்தியா கொடுத்த மறைச்சொல்

துக்க அறையில் வைத்திருந்த பூச்சொம்புத் தண்ணீர் அன்று காலை உப்புக் கரித்தது. மதர் ஒரிந்தியா விரலை மறுபடி நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, கடல் தண்ணீர். ஆனால் அதைக் குழாயில் பிடித்து வைத்தவள் அவளேதான்.

மண் தரையில் கிளாரிஸ் மல்லாந்து கிடந்தாள். கண்ணைச் சுற்றிப் பல துணிப்பட்டைகள், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு முத்திரை. துக்கம் என்பது அந்தச் சபையின் நோன்பு. அதற்குப் படுப்பவள் பட்டினி கிடந்து, ஆவியில் பயணம் போய், கண்டதைச் சபையில் சொல்ல வேண்டும். அது தேவனிடமிருந்து வந்ததா, வெறும் வயிற்றிலிருந்து வந்ததா என்று சபை தீர்ப்புச் சொல்லும். டிரினிடாட்டின் வடகோடியில் இருந்த அந்தத் தகரக்கூரைச் சபையில் வழிகாட்டி மதரின் நாற்காலி ஒரிந்தியாவுடையது. கிளாரிஸின் தரிசனம் மெய்யென்று ஆனால் நாற்காலி அவளுக்குக் கைமாறும் என்று ஊரே பேசியது. நேற்று வந்த சிறுக்கிக்கா என்று ஒரிந்தியாவுக்கு வயிறு எரிந்தது.

வயிற்றெரிச்சல் சும்மா இருக்குமா? கண்ணைக் கட்டும் முன் படுப்பவளின் காதில் வழிகாட்டி ஒரு மறைச்சொல் சொல்வது வழக்கம். பயணத்தில் எவர் எதிர்ப்பட்டாலும் அதைக் கேட்க வேண்டும், சொல்லத் தெரியாதவர் பின்னால் போகக் கூடாது. ஜெபத்தில் கிடைக்க வேண்டிய சொல் அது. ஒரிந்தியா கொடுத்ததோ, கல்லலூ கீரை கடையும்போது வாயில் வந்த உளறல். வானத்திலும் பூமியிலும் அதை அறிந்தவர் எவருமில்லை. கிளாரிஸ் கேட்டுக் கேட்டு அலுத்து வெறுங்கையோடு திரும்புவாள் என்பது அவள் போட்ட கணக்கு.

"மதர்," என்றாள் கிளாரிஸ், வெடித்த உதட்டோடு. "ஒருத்தர் வந்தாரு."

"சொல்லைக் கேட்டியா?"

"கேட்டேன். 'கெலுமோரா'ன்னு டக்குனு சொல்லிட்டாரு."

"பொய் சொல்லாதடி. பட்டினி மயக்கம்."

"அதை உருவாக்கினவங்களையும் தெரியும்னாரு." கட்டுக்குக் கீழே அவள் வாய் சிரித்தது.

மேலே தகரம் வெயிலில் நெளிந்து முனகியது. அணைந்த மெழுகுத்திரியின் வாசத்துக்கு அடியில் அழுகிய பாசியின் நாற்றம் மெல்ல எழும்பி வந்தது. ஒரிந்தியாவின் முதுகுக்குப் பின்னால், கதவும் சன்னலும் இல்லாத மூலையில், நனைந்த துணியோடு யாரோ நின்றுகொண்டிருப்பது போல் சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது. ஒரிந்தியா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள்.

ஞாயிறன்று கிளாரிஸின் கண்கட்டை அவிழ்த்து அவளைச் சபை முன் நிறுத்தினார்கள்.

"ஜாக்கிரதை," என்றாள் சிஸ்டர் வெல்மா. "போன தடவை ஒருத்தி ஆவியில சீனாவுக்குப் போனேன்னா. அங்க சாப்பிட்டதா சொன்னதெல்லாம் நம்ம முக்குக்கடைச் சாப்பாடு!"

எல்லோரும் சிரித்தார்கள். கிளாரிஸ் மட்டும் கண் இமைக்காமல் நின்றாள்.

"அவரு கடல்ல காத்திருக்காரு. இன்னைக்கு அந்தியில சபை முழுசும் வெள்ளை உடுத்திட்டு வரணும், பிள்ளைங்களோட. மதர் ஒரிந்தியா முன்னால நடக்கணும். நாற்காலி என்னைக்கும் அவங்களுக்குத்தானாம்."

மூப்பர் கத்பர்ட் எழுந்தார். "ஆவியைச் சோதிக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம். மதர், நீங்க இவ காதுல குடுத்த சொல்லும் அவரு சொன்ன சொல்லும் பொருந்துதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பார்கள். ஒரிந்தியாவுக்கு அது தெரியும். வந்தது தேவன் இல்லை என்பதும் தெரியும். ஆனால் 'என்னைக்கும்' என்ற சொல் காதில் தேனாக இறங்கியிருந்தது. பாழாய்ப்போன ஆசை.

"பொருந்துது," என்றாள்.

"அப்ப தரிசனம் மெய்," என்றார் மூப்பர். ஆமென் என்றது சபை.

அந்தியில் கடல் அலையே இல்லாமல் கிடந்தது. மணியை ஆட்டியபடி ஒரிந்தியா முன்னால் இறங்கினாள். பின்னால் பாட்டு, கைத்தட்டல், தண்ணீரைத் தெறித்து விளையாடும் பிள்ளைகளின் சிரிப்பு. நீர் முழங்காலுக்கு ஏறியது. வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு.

அதே பாசி நாற்றம்.

"போதும், திரும்புங்க," என்றாள். மணியை நிறுத்தினாள்.

பின்னால் சிரிப்பு நின்றது. கைத்தட்டல் நின்றது.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. மங்கலாக. ஆழத்திலிருந்து.

திரும்பினாள். கரை வரை வெறும் தண்ணீர்.

குனிந்தாள்.

முழங்கால் அளவே இருந்த இடத்தில் அடியில்லாத ஆழம், கண்ணாடியாய்த் தெளிந்த அந்த நீருக்கடியில் சபை முழுதும் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை அங்கிகள் அசைந்தன. மூப்பர், வெல்மா, கைகோத்த பிள்ளைகள். எல்லா முகமும் மேலே அவளைப் பார்த்தபடி. எல்லா வாயும் ஒன்றாகத் திறந்து, ஒன்றாக மூடி, அந்த ஒரே சொல்லைப் பாடின: கெலுமோரா.