கண்ணீர் அளவு

தண்ணீரில் உப்பு இல்லை.

டான்யா விரல் நுனியை மறுபடியும் தொட்டியில் நனைத்து நாக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. மழைத்தண்ணீர்போல் வெறுமையாக இருந்தது. காலையில் கீத் உப்பு போட்டதை அவளே சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். உப்புக் கோணி இன்னும் தொட்டியின் பக்கத்தில் வாய் திறந்து கிடந்தது.

ரந்தா ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்கள் ரப்பர்பால் கொண்டுவந்து ஊற்றிய பழைய ஸ்டோரில் அவளும் அவள் கணவன் கீத்தும் கெலி என்கிற கெளுத்தி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. ஸ்டோர் மட்டும் நிற்கிறது. தகரக் கூரை, சிமெண்டுத் தொட்டிகள், எவ்வளவு தேய்த்தாலும் போகாத புளித்த பால் வாடை. தொட்டிக்குள் வலை விரித்து அதில் முட்டைகளை ஒட்டவிடுவார்கள். செத்த முட்டை வெளுக்கும். வெளுத்ததில் கூலாட் பிடிக்கும். பஞ்சுபோல் ஒரு பூஞ்சை. செத்ததில்தான் தொடங்கும். அங்கிருந்து நூல் நூலாக நீண்டு, பக்கத்தில் உயிரோடு இருக்கும் முட்டையைத் தொடும். தொட்டால் அதுவும் முடிந்தது.

உப்புதான் மருந்து. நல்ல தண்ணீரில் வளர்கிற பஞ்சு, உப்பு பட்டால் சுருங்கிவிடும். ஆனால் உப்பு மிஞ்சினால் மீன்குஞ்சும் சாகும். உப்பு அளக்கும் கருவி கெட்டுப்போய்ப் பல மாதம் ஆயிற்று. கீத் சிகரெட் பிடித்துப் பிடித்து நாக்கு மரத்துப்போனவன். அதனால் டான்யாவின் நாக்குதான் அளவு. கல்யாணமாகி வந்ததிலிருந்து தினமும் தொட்டித் தண்ணீரை ருசி பார்ப்பது அவள் வேலை.

முதலில் லேசாகக் கரித்தாலே போதுமாக இருந்தது. பிறகு வலையின் மூலையில் வெள்ளை தெரிந்தது. ஒரு கைப்பிடி கூட்டினார்கள். வெள்ளை மறைந்தது. திரும்ப வந்தது. இன்னொரு கைப்பிடி. கிணற்றில் தண்ணீர் குறைவு என்பதால் பழைய தண்ணீரையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொரிப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இப்போது கண்ணீர் கரிக்கும் அளவுக்கு வந்திருந்தார்கள். கண்ணீர் அளவுக்கு மேலே போகாதே, குஞ்சு தாங்காது என்று கீத் சொல்லியிருந்தான்.

ரந்தாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் காதர் மைதீன் போன வாரம் மீன் எடுக்க வந்தபோது தொட்டியை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுத் தொட்டியை வெயிலில் காயவிடச் சொன்னார், வலையைக் கொளுத்தச் சொன்னார்.

"உப்பு போட்டா ஒரேடியா போடணும் லா தம்பி. இப்படி கிள்ளிக் கிள்ளி போட்டா அதுக்குப் பழகிடும். நான் எங்க மாமியா சமையலுக்குப் பழகுன மாதிரி."

கீத் சிரித்தான். டான்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் கை வைத்தபடி, இந்தக் கூலாட் மனிதர் உடம்பிலும் பிடிக்குமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் புடிக்காது. நம்ம ரத்தத்துல உப்பு இருக்குல்ல," என்றான் கீத்.

அவளுக்கு இது ஏழாவது மாதம். இதற்கு முன் ஒன்று தங்கவில்லை. இது தங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, உப்பைக் குறை என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து வீட்டுச் சமையலில் உப்பே கிடையாது. கீத் மட்டும் தன் தட்டில் தூவிக்கொள்வான்.

மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. கீத் புது வலை வாங்க டவுன் பக்கம் லோபாக்குக்குப் போயிருந்தான். மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில், காற்றுமோட்டார் தொட்டிக்குள் விடும் குமிழிகளின் கொப்பளிப்புகூடக் கேட்கவில்லை. அவள் அவனைப் போனில் கூப்பிட்டு உப்பு போட்டாயா என்று கேட்டாள். போட்டேன், வழக்கத்தைவிடக் கூடத்தான் போட்டேன் என்றான்.

"நாக்குல ஒண்ணுமே தெரியல, கீத்."

மழை இரைச்சலில் அவன் குரலை உயர்த்தினான்.

"அப்ப இன்னும் ரெண்டு கை போடு. உன் நாக்கு தப்பாது."

போட்டாள். கலக்கினாள். ருசி பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி போட்டாள். கோணி பாதியானது. குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளந்தன. பிறகு ஒவ்வொன்றாக வயிறு மேலாகப் புரண்டன. கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்க அவை அசைவில்லாமல் மிதந்தன. அவள் கோணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். உப்பு இருந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது.

மின்சாரம் போனது. காற்றுமோட்டார் நின்றது. குமிழிகள் அடங்கின. தண்ணீர் கண்ணாடிபோல் ஆனது.

வலையின் மூலையில் அந்த வெள்ளை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சுருங்கவில்லை. அவ்வளவு உப்பிலும் விரிந்து, முடியை அவிழ்த்துவிட்டதுபோல் மெதுவாக ஆடியது. அவள் தொட்டியின் இந்தப் பக்கம் வந்தாள். அது இந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் போனாள்.

சாய்ந்தது.

பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போனாள். சமையலறை இருட்டாக இருந்தது. ஈர விறகின் வாடை, அதற்குள் லேசாகத் தொட்டி வாடை. கீத்தின் உப்புக் கிண்ணத்தைத் தேடி எடுத்து, ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டாள். கல் கல்லாக நாக்கில் உருண்டது. மணலை மென்றதுபோல் இருந்தது. கரிக்கவில்லை.

போன் வெளிச்சத்தைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்து நாக்கை நீட்டினாள்.

வெள்ளை. முதலில் கஞ்சி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தாள். கரண்டி முனையால் வழித்தாள். வலி இல்லை. வெள்ளை வரவில்லை. அழுத்தினாள். கரண்டியோடு வந்தது, நூலாக. நீண்டது. விட்டதும் திரும்பப் படுத்துக்கொண்டது. தொண்டைப் பக்கமாக.

போன் அடித்தது. வழியில் ராசா ரோட்டில் ஜாம், மெதுவாகத்தான் வருகிறேன் என்றான் கீத். அவள் பேச முயன்றாள். நாக்கு நகரவில்லை.

"டான்யா? அழுவுறியா?"

அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி உதட்டில் பட்டது. அதிலும் ருசி இல்லை.

போன் கைநழுவித் தரையில் விழுந்தது. வெளிச்சம் மேல்நோக்கி எரிந்தது. கீத்தின் குரல் கீழேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்தாள். காலையிலிருந்து குழந்தை உதைக்கவில்லை. உதைக்கவில்லையே தவிர உள்ளே அசைவு இருந்தது. மெதுவான அசைவு. தடவுவதுபோல். பஞ்சை வைத்து உள்பக்கமாகத் துடைப்பதுபோல். குழந்தை புரள்கிறது என்றுதான் காலை முழுக்க நினைத்திருந்தாள்.

செத்ததில்தான் தொடங்கும்.

இல்லை. இல்லை. சேசுவே, இல்லை.

தொடையில் சூடாக எதுவோ இறங்கியது. நிற்காமல் இறங்கியது. பனிக்குடம். இப்போது உடையக் கூடாது. இன்னும் மாதம் இருக்கிறது. தண்ணீர் சிமெண்டுத் தரையில் பரவி, போனைச் சுற்றிக்கொண்டு, வெளிச்சத்தில் மினுங்கியது. அவள் குனிந்து பார்த்தாள்.

தண்ணீருக்குள் வெள்ளை நூல்கள் கிடந்தன. மெல்லியவை. நிறைய. காற்றே இல்லை. அவை ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஆடின.

அப்போது குழந்தை உதைத்தது.

பலமாக. ஒரே ஒரு முறை. தன்னைத் தொட்ட எதிலிருந்தோ காலை இழுத்துக்கொண்டதுபோல்.

தரையில் ஆடிக்கொண்டிருந்த நூல்கள் நின்றன. பிறகு எல்லாம் ஒன்றாக, அந்த உதை வந்த பக்கம் திரும்பின.